கழுத்தடியைப் பார்க்காமல் சிலிண்டர் எடுக்காதீர்கள்

மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்புக் கரைகளில் சங்கும் கடலட்டையும் எடுக்கும் சுழியோடிகளுக்கு,

அன்பான தம்பிமாரே, அண்ணைமாரே,

காற்று விழுந்து கடல் தெளியத் தொடங்கினால் நீங்கள் சிலிண்டர் தேடத் தொடங்கிவிடுவீர்கள். பழசை மாற்ற ஒருவர் வருவார், புதிதாகத் தொழிலுக்கு இறங்க ஒருவர் வருவார், படகில் இரண்டு குறைகிறது என்று இன்னொருவர் வருவார். சிலிண்டருக்குக் காற்று நிரப்புவதும் அதைக் கழற்றி உள்ளே பார்ப்பதும் என் தொழில். நீங்கள் காசைக் கொடுத்துப் படகில் ஏற்றி, சில மாதம் உழைத்த பிறகுதான் அந்தச் சிலிண்டர்கள் என் கைக்கு வருகின்றன. அந்த நேரம் நான் சொல்லும் எதுவும் உங்களுக்குப் பிந்திய சொல்லாகவே இருக்கிறது. அதனால் வாங்குமுன் நீங்கள் கேட்க வேண்டியதை இந்த மடலில் எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள். வாசிக்க முடியாத தோழருக்கு வாடியில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.

சிலிண்டர் வாங்கும்போது நீங்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். என்ன விலை? எத்தனை லீற்றர்? எவ்வளவு நேரம் தாங்கும்? பெயின்ற் புதிதா? இவற்றைக் கேட்பதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இது எந்த உலோகம், எந்த வருடம் செய்தது, கடைசியாக எப்போது அமுக்கச் சோதனைக்குப் போனது, உள்ளே கடைசியாகப் பார்த்தது யார் என்று கேட்பவரை நான் அரிதாகத்தான் காண்கிறேன். விற்பவரும் தாமாகச் சொல்வதில்லை. உங்கள் உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்விகள் இவைதான்.

என் முதல் ஆதங்கம் இது. சிலிண்டரைச் சுமப்பது உங்கள் முதுகு. அதைத் தெரிவு செய்வது பெரும்பாலும் வேறொருவரின் கை. சம்மாட்டியோ வியாபாரியோ பத்துப் பன்னிரண்டை ஒன்றாக விலை பேசி இறக்கிவிடுகிறார். சுற்றுலாக் கடைகளில் வருடக்கணக்கில் உழைத்துக் கழிந்தவை, எங்கிருந்து வந்தன என்றே தெரியாதவை எல்லாம் அந்தக் குவியலில் இருக்கும். விடியற்காலையில் இருட்டோடு வந்து கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நீங்கள் போகிறீர்கள். வலை கிழிந்தால் அன்றைய மீன் போகும். கயிறு அறுந்தால் நங்கூரம் போகும். ஆனால் சிலிண்டரை வலை, கயிறு போல ஒரு சாமானாக நடத்த முடியாது. 11 லீற்றர் இடத்துக்குள் ஏறக்குறைய 2,200 லீற்றர் காற்றை அடக்கி வைத்திருக்கிற பாத்திரம் அது. படகில் ஐந்தாறு பேரின் கால்மாட்டில் அது உருண்டு கிடக்கிறது. அதைத் தெரிவு செய்யும் உரிமையை நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்.

இனி ஒரு சிலிண்டர் உங்கள் முன்னால் வந்தால், பெயின்றைப் பார்க்குமுன் கழுத்தடியைப் பாருங்கள். வால்வு பூட்டியிருக்கும் கழுத்துக்குக் கீழே, வளைந்து இறங்கும் இடத்தில், எழுத்துகளும் இலக்கங்களும் குத்தப்பட்டிருக்கும். ஈரத்துணியால் உப்பைத் துடைத்துவிட்டு, ரோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் எழும்பித் தெரியும். அமெரிக்க முறைப்படி செய்த சிலிண்டரில் ‘3ஏஎல்’ என்று இருந்தால் அலுமினியம், ‘3ஏஏ’ என்று இருந்தால் உருக்கு. அதற்குப் பக்கத்தில் உள்ள இலக்கம் அது தாங்க வேண்டிய வேலை அமுக்கம். 3000 என்றால் 3,000 பி.எஸ்.ஐ., அதாவது 207 பார். ஐரோப்பியச் சிலிண்டரில் அமுக்கம் பாரிலும் கொள்ளளவு லீற்றரிலும் குத்தப்பட்டிருக்கும். தொடர் இலக்கம் ஒன்று இருக்கும். அதன் பிறகு மாதமும் வருடமும். முதலில் உள்ளது செய்த காலத்துச் சோதனை; அதன் பின் ஒவ்வொரு முறை சோதனையில் தேறியபோதும் புதிய திகதி ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். ஒரே ஒரு பழைய திகதியோடு நிற்கிற சிலிண்டர் பிறந்த நாளிலிருந்து சோதனைக்கே போகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சோதனை என்ன என்று தெரிந்தால்தான் அதன் அருமை விளங்கும். சிலிண்டரைத் தண்ணீரால் நிரப்பி, தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, வேலை அமுக்கத்தைவிடக் கூடிய அமுக்கம் கொடுப்பார்கள். 3,000 பி.எஸ்.ஐ. அலுமினியச் சிலிண்டருக்கு 5,000 கொடுப்பார்கள். அப்போது உலோகம் சற்று விரியும். அமுக்கத்தை எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். விரிந்த அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் திரும்பாமல் நின்றுவிட்டால் அந்தச் சிலிண்டர் கழிக்கப்பட வேண்டியது. அதன் உலோகம் களைத்துவிட்டது என்பதைக் கண்ணாலும் காணமுடியாது, கையால் தட்டியும் அறியமுடியாது. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் இந்தச் சோதனையை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை கேட்கிறார்கள். இடையில் வால்வைக் கழற்றி உள்ளே வெளிச்சம் விட்டுப் பார்ப்பதை வருடத்துக்கு ஒரு தடவை செய்வது நல்ல டைவ் கடைகளின் வழக்கம். விடுமுறைக்கு வந்து இறங்குபவர் ஒரு வருடத்தில் நிரப்பும் அளவை நீங்கள் சில நாளிலேயே நிரப்பிவிடுகிறீர்கள். உங்கள் சிலிண்டர் வெயிலில் கிடக்கிறது, உப்பில் ஊறுகிறது, படகின் விளிம்பில் அடிபடுகிறது. ஐந்து வருடம் என்பது உங்களுக்கு ஆகக்கூடிய எல்லை.

‘இன்னும் கொஞ்சம் ஏத்துங்கோ அண்ணை’ என்று என்னிடம் கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 5,000 வரை சோதித்ததுதானே, 3,500 நிரப்பினால் என்ன என்று கேட்கிறீர்கள். சோதனை சில வருடத்துக்கு ஒரு தடவை, தண்ணீரால், தொட்டிக்குள் நடப்பது. நீங்கள் கேட்பது ஒவ்வொரு நாளும், காற்றால், ஆட்கள் நிற்கிற இடத்தில். கூட்டி நிரப்பும் ஒவ்வொரு தடவையும் உலோகத்தின் ஆயுளில் ஒரு பங்கை வெட்டி எடுக்கிறது. பத்து நிமிடக் காற்றுக்காக அதைக் கேட்காதீர்கள். கேட்டதும் நிரப்பித் தருகிற இடத்தில் உங்கள் சிலிண்டரை விடவும் வேண்டாம்.

அலுமினியச் சிலிண்டர் வாங்குபவர்கள் ஒரு வருடத்தை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 1988 வரை லக்ஸ்ஃபர் நிறுவனம் 6351 என்ற அலுமினியக் கலப்பில் சிலிண்டர் செய்தது. அந்தக் கலப்பில் செய்த சிலிண்டர்கள் சிலவற்றில், அமுக்கம் தொடர்ந்து தாங்கித் தாங்கி, கழுத்தின் உட்புறம் மரைகளின் நடுவே மயிரிழை வெடிப்பு வளர்வது பிறகுதான் தெரியவந்தது. நிரப்பும்போதே வெடித்தவையும் உண்டு. அதன் பின் 6061 என்ற கலப்புக்கு மாறினார்கள். வேறு நாடுகளில் பழைய கலப்பு இன்னும் சில வருடம் தொடர்ந்தது. இன்றும் அந்தச் சிலிண்டரை நிரப்ப வேண்டுமானால் கழுத்தை விசேட மின்கருவியால் சோதிக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அந்தக் கருவி நம்மில் யாரிடம் இருக்கிறது? ஆகவே என் புத்தி இதுதான்: கழுத்தடியில் முதல் திகதி 1995 அல்லது அதற்கு முந்தியது என்றால், அந்த அலுமினியச் சிலிண்டரை இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள். அதைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பதானாலும் இரண்டாக அறுத்த பிறகு கொடுங்கள். முழுதாகப் போனால் அது பெயின்ற் பூசிக்கொண்டு இன்னொரு தம்பியின் முதுகுக்கு வந்து சேரும்.

பெயின்ற் பற்றியும் ஒரு சொல். பளபளவென்று புதுப்பெயின்ற் பூசிய பழைய சிலிண்டரைக் கண்டால் சந்தேகப்படுங்கள். அடிபட்ட பள்ளமும் துரு தின்ற குழியும் அதற்குக் கீழே மறைந்திருக்கலாம். கழுத்தடி எழுத்துகளைப் பெயின்ற் மூடியிருந்தால் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழும்பி வந்துவிடுங்கள். அலுமினியத்தைச் சூளையில் வைத்துப் பெயின்ற் காய வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். சூட்டில் அந்த உலோகத்துக்குக் கொடுத்திருந்த பதம் போய்விடும். நெருப்பில் அகப்பட்ட சிலிண்டரும் அப்படியே. வெளியே ஒரு கீறலும் இருக்காது, உள்ளே பலம் இருக்காது.

அடுத்தது உள்ளே பார்ப்பது. காற்றை முழுதாக இறக்கி, வால்வைக் கழற்றி, சிறு பல்ப் ஒன்றை வயரில் கட்டி உள்ளே விடும்போது நான் காண்பதை நீங்களும் காண வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நல்ல அலுமினியச் சிலிண்டரின் உட்புறம் மங்கிய வெள்ளிபோல ஒரே சீராக இருக்கும். உப்புத் தண்ணீர் புகுந்ததில் வெள்ளைப் பொடி படர்ந்து, அதைச் சுரண்டினால் அடியில் குழி தெரியும். உருக்கில் செந்நிறத் துரு அடியில் வட்டமாகப் பிடித்திருக்கும். சிலதைத் தலைகீழாகக் கவிழ்த்தால் ஒரு சிரங்கை உப்புத் தண்ணீர் வடியும். காற்றை முழுதும் தீர்த்துவிட்டு, தண்ணீருக்குள்ளேயே வால்வைத் திறந்து விட்டதன் கூலி அது. உருக்குக்குள் துரு இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. நிரப்பி மாதக்கணக்கில் வைத்திருந்தால் அந்தத் துரு காற்றிலுள்ள ஒட்சிசனைத் தின்றுகொண்டே இருக்கும். மானியில் அமுக்கம் நிறைந்து நிற்கும், நீங்கள் இழுக்கும் மூச்சில் உயிர்க்காற்று குறைந்திருக்கும். சோளகம் முழுக்க மூலையில் கிடந்த சிலிண்டரைப் பழைய காற்றோடு எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள்.

வால்வையும் சிலிண்டரோடு சேர்த்தே பாருங்கள். கழுத்து மரையில் எம்25 என்ற மெட்ரிக் அளவும் முக்கால் அங்குல அளவும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். எம்25 வால்வு முக்கால் அங்குலக் கழுத்துக்குள் இலேசாக இறங்கி, இறுகியது போலவே நிற்கும். அமுக்கம் ஏறியதும் சன்னம் பாய்வதுபோல வால்வு பறக்கும். ஒரு சிலிண்டரின் வால்வைக் கழற்றி இன்னொன்றில் பூட்டுவது நம் கரைகளில் சாதாரணமாக நடக்கிறது. இரண்டிலும் குத்தியிருக்கும் அளவு ஒன்றுதானா என்று பார்க்காமல் அதைச் செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள்.

அலுமினியமா உருக்கா என்று கேட்பவர்களுக்கு என் நேரான பதில்: காய்ந்த சுத்தமான காற்று நிரப்பும் இடம் உங்களுக்கு நிச்சயம் இல்லையென்றால் அலுமினியம். ஈரக்காற்றை நிரப்பினால் உருக்கு உள்ளிருந்தே அழியும். அலுமினியம் ஓரளவு பொறுக்கும். உருக்கின் நன்மை வேறு. பேணினால் தலைமுறை தாண்டும். காற்று தீர்ந்தாலும் பெரும்பாலும் மிதக்காது. உலகெங்கும் கூடுதலாகப் புழங்கும் 11 லீற்றர் அலுமினியச் சிலிண்டரோ நிறைந்திருக்கும்போது சற்றுத் தாழும், காற்றுக் குறையக் குறைய ஏறக்குறைய இரண்டு கிலோ அளவுக்கு மிதக்கப் பார்க்கும். ஏனென்றால் உள்ளே இருந்த காற்றின் நிறையே இரண்டரைக் கிலோவுக்கு மேல். இறங்கும்போது சரியாக இருந்த ஈயம், மேலே வரும்போது போதாமல் போகும். ஏறும் வழியில் நின்று நிதானிக்க வேண்டிய இடத்தில் சிலிண்டர் உங்களை மேலே தூக்கும். அலுமினியம் எடுப்பவர் அந்த இரண்டு கிலோவையும் கணக்கில் சேர்த்து ஈயம் கட்டுங்கள்.

இப்போது அளவுக்கு வருகிறேன். நீங்கள் ஆகக்கூடுதலாகக் கேட்பது பெரிய சிலிண்டர். 15 லீற்றர் கிடைக்குமா, இரட்டையாகக் கட்டலாமா என்கிறீர்கள். கூடுதல் காற்று கூடுதல் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். நிதானமாக வேலை செய்பவர் கரையில் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுக்கிறார் என்று வைப்போம். 15 பாகத்தில், அதாவது 90 அடியில், அமுக்கம் மூன்றே முக்கால் மடங்கு. நிமிடத்துக்கு 75 லீற்றர் போகும். 200 பாரில் இறங்கி, 50 பாரை மேலே வரும் வழிக்காக மிச்சம் வைத்தால், 11 லீற்றர்ச் சிலிண்டர் 22 நிமிடம் தரும். 15 லீற்றர் 30 நிமிடம் தரும். பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கான அட்டவணை, 90 அடியில், அன்றைய முதல் இறக்கத்துக்கு, தரிப்பு இல்லாமல் மேலே வரக்கூடிய எல்லையாகச் சொல்வது 25 நிமிடம். சிறிய சிலிண்டர் அந்த எல்லைக்கு முன்னரே உங்களை மேலே அனுப்பிவிடுகிறது. பெரியது எல்லையைத் தாண்டும்வரை உங்களைக் கீழே வைத்திருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டரோடு திரும்பத் திரும்ப இறங்குபவருக்கு அந்த 25 நிமிடமும் இல்லை. முதல் இறக்கத்தில் உடம்பில் கரைந்த நைதரசன் வெளியேற மணிக்கணக்கு வேண்டும். அடுத்த இறக்கத்தின் கணக்கு அந்த மிச்சத்தின் மேல்தான் தொடங்குகிறது.

மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் கப்பல் ஐம்பது மீற்றருக்கும் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்க வரும் வெளிநாட்டவர் முதுகில் இரட்டைச் சிலிண்டர் கட்டியிருப்பதை உங்களில் சிலர் கண்டிருப்பீர்கள். கண்டுவிட்டு, நாமும் இரட்டை கட்டினால் என்ன என்கிறீர்கள். அவர்கள் கீழே நிற்கும் சில நிமிடத்துக்காக மேலே வரும் வழியில் கயிற்றைப் பிடித்தபடி கட்டம் கட்டமாக எவ்வளவு நேரம் தரித்து நிற்கிறார்கள் என்பதையும் பாருங்கள். அந்த இரண்டாவது சிலிண்டரின் காற்றில் பெரும் பங்கு தரிப்புக்குப் போகிறது. நீங்கள் கேட்கும் இரண்டாவது சிலிண்டர் இன்னும் ஒரு கூடை அட்டைக்காக. உங்கள் உடம்பு அந்த வித்தியாசத்தை அறியும்.

அறிந்த உடம்புகள் நம் ஊர்களில் இருக்கின்றன. முதலில் முட்டியிலும் தோளிலும் நோவு. வேலை செய்த அலுப்பு என்று நினைத்துத் தைலம் போட்டுப் படுத்துவிடுகிறார்கள். விடியும்போது கால் மரத்திருக்கிறது. சலம் போகவில்லை. சிலர் நாட்கள் கழித்து எழும்பினார்கள். சிலர் எழும்பவில்லை. இருபத்தைந்து வயதில் கோலூன்றி நடக்கும் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும்; அவர் உங்கள் உறவினராகவும் இருப்பார். அவருடைய மனைவி இன்று யாருடைய வாடியில் அட்டை அவிக்கிறாள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அவருக்குச் சிலிண்டர் கொடுத்தவர் மருந்துச் செலவுக்கு எத்தனை நாள் வந்தார் என்று அந்த வீட்டில் கேளுங்கள்.

நோ வந்தவரை மறுபடி சிலிண்டர் கட்டி இறக்கினால் சரியாகிவிடும் என்ற பழக்கத்தை விடுங்கள். அவருக்குத் தேவை முகமூடியில் சுத்தமான ஒட்சிசனும் அமுக்க அறையுள்ள வைத்தியசாலையும். படகில் ஒட்சிசன் இருக்க வேண்டியது அந்த ஒரு தேவைக்காகவே, கரை வரும்வரை மேலே வைத்துக் கொடுப்பதற்காக. அதைச் சுழியோடும் சிலிண்டரில் ஒருபோதும் நிரப்பாதீர்கள். மூன்று பாகத்துக்குக் கீழே போனால் சுத்தமான ஒட்சிசன் வலிப்பைக் கொண்டுவரும்; வலிப்பு வந்தவர் வாயிலிருந்து குழாய் நழுவும். வெல்டிங் கடையில் இருந்து வந்த உருளை, வைத்தியசாலையிலிருந்து வந்த உருளை எதுவாயினும், எவ்வளவு மலிவாயினும், சுழியோட்டத்துக்கு எடுக்க வேண்டாம்.

நல்ல சிலிண்டரைத் தெரிவு செய்து, கெட்ட காற்றை நிரப்பினால் எல்லாம் வீண். நிரப்பும் இடத்துக்குப் போனால் கம்பிரசர் காற்றை எங்கிருந்து இழுக்கிறது என்று பாருங்கள். அதன் சொந்த எஞ்சின் புகையோ, பக்கத்தில் நிற்கும் படகின் புகையோ, லொறியின் புகையோ இழுகுழாய்க்குள் போனால், அந்தப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு உங்கள் சிலிண்டருக்குள் அடைபடும். மணம் இல்லை, நிறம் இல்லை. கரையில் தலையிடி தரும் அளவு, ஆழத்தில் மயக்கம் தரும் அளவாகிவிடும். வடிகட்டியை எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். வால்வைச் சற்றுத் திறந்து வெள்ளைத் துணியில் காற்றை விடுங்கள். எண்ணெய்க் கறை படிந்தால், மணம் வந்தால், அந்தக் காற்றோடு இறங்க வேண்டாம். கறை படியவில்லை என்பதால் காற்று சுத்தம் என்று முடிவு கட்டவும் முடியாது. புகைக்குத் தூரமான இழுகுழாயும் நேரத்துக்கு மாற்றிய வடிகட்டியுமே காவல்.

உங்கள் மறுமொழிகளும் எனக்குத் தெரியும். ‘இவ்வளவு காலம் ஒன்றும் நடக்கவில்லை’ என்பீர்கள். உலோகம் ஒவ்வொரு நிரப்பலையும் எண்ணிக்கொண்டே இருக்கிறது. நடக்காத வருடங்கள் அதன் வயதில் கூடுகின்றனவே தவிரக் குறைவதில்லை. ‘காசுக்கு எங்கே போவது’ என்பீர்கள். இது உண்மையான கேள்வி. புதிய சிலிண்டரின் விலை தனியாளுக்குப் பெரிது. சோதனைக்குத் தூர இடத்துக்கு அனுப்ப வேண்டும், லொறிக்கூலி வேண்டும், அது திரும்பும்வரை அந்த நாட்களின் உழைப்பும் இல்லை. தனியாகச் செய்யச் சொன்னால் அது அநியாயமான புத்திமதி. அதனால்தான் தனி ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஐம்பது சிலிண்டரை ஒரே லொறியில் அனுப்பினால் கூலி ஐம்பதாகப் பிரியும். பாதியை முதலிலும் பாதியைப் பிறகும் அனுப்பினால் தொழில் நிற்காது. தனியாளாகப் போய் ‘இந்தச் சிலிண்டர் வேண்டாம்’ என்றால் ‘அப்ப நாளைக்கு வராதே’ என்பார் முதலாளி. ஊரே சொன்னால் சிலிண்டரை மாற்றுவார்.

சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துக் குளித்த காலத்தில் இறங்குபவரின் கயிற்றைப் பிடிக்க மேலே ஒரு துணையாள் நின்றார். இறங்குபவரின் உயிர் அந்தக் கையில் இருந்தது. அதனால் அந்தத் துணையாளைக் கண்டவர் நின்றவர் தெரிவு செய்யவில்லை, நம்பிக்கையானவரையே வைத்தார்கள். இன்று அந்த இடத்தில் உங்கள் முதுகில் ஒரு உருளை இருக்கிறது. அதன் தெரிவை மட்டும் ஏன் யாரோ ஒருவரிடம் விட்டுவிடுகிறீர்கள்?

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. உங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்துக்குச் சுழியோடிகள் எல்லோரும் போங்கள். ஒருவர் எழும்பி நின்று மூன்று விடயங்களைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். கரையிலுள்ள ஒவ்வொரு சிலிண்டரின் தொடர் இலக்கம், உலோகம், செய்த வருடம், கடைசிச் சோதனைத் திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் பதிந்து, அதைச் சங்கத்தில் எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் வைப்பது முதலாவது. சோதனைத் திகதி ஐந்து வருடத்தைத் தாண்டியதும், வருடத்துக்கு ஒரு தடவை உள்ளே பார்க்காததும் எந்தப் படகிலும் ஏறக்கூடாது என்பது இரண்டாவது. அட்டையும் சங்கும் விற்ற காசில் ஒரு சிறு பங்கைச் சுழியோடியும் சம்மாட்டியும் ஒரேயளவாகச் சோதனை நிதிக்கு ஒதுக்குவது மூன்றாவது.

அந்தத் தீர்மானம் நிறைவேறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நாளை விடியற்காலை சிலிண்டரைத் தூக்குமுன் ரோர்ச்சை எடுத்துக் கழுத்தடியில் அடியுங்கள். திகதி சரியில்லை என்றால் கீழே வையுங்கள். பக்கத்தில் நிற்பவர் வைத்தால் நீங்களும் சேர்ந்து வையுங்கள். அவரைத் தனியாக நிற்க விடாதீர்கள். கொப்பி எழுதத் தொடங்கும் எந்தச் சங்கத்துக்கும் நான் வந்து, சிலிண்டர்களின் கழுத்தடியை உங்களோடு இருந்து வாசித்துத் தருவேன். அதற்குக் கூலி வேண்டாம். கூட்டத்தின் திகதியை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

உங்கள் நலம் விரும்பும்,
காற்று நிரப்பும் தோழன்